முடிச்சுப் போட்ட வயர்

பதினான்கு மாதத்துக்கு முன்னம் நான் செய்த மடத்தனத்தில் இருந்து தொடங்குகிறேன். டாஷ்போர்ட்டைக் கழற்றும்போது ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் ரேப் சுற்றி, போல்பொயின்ற் பேனாவால் அது போகிற இடத்தின் பெயரை எழுதி வைத்தேன். 27 துண்டு. எழுதி முடித்ததும் ஏதோ பெரிய வேலை செய்த நினைப்பு. பிறகு கார் பெயின்ற் அடிக்கப் போனது. ஒரு வைகாசி வெயிலும் ஒரு மாரியும் போனது. இந்த வருடம் தை மாதம் தரப்பாளை விலக்கிக் குனிந்து பார்த்தால், ரேப்பின் பசை காய்ந்து, துண்டுகள் எல்லாம் கால்மிதியில் முருங்கைப் பூ மாதிரி உதிர்ந்து கிடக்கின்றன. மேலே 27 வயர் முனை, ஒன்றுக்கும் பெயரில்லை. போனில் படம் எடுத்து வைத்திருந்தேன்தான். ஆனால் அந்தப் போன் பேரனுக்கு விளையாடக் கொடுத்து, கிணற்றடியில் முடிந்துவிட்டது.

கார் ஒரு 1958 மொறிஸ் மைனர் 1000. அப்பா 1970களில் ஒரு டொக்டரிடம் இருந்து வாங்கினார். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் டொக்டர், வாத்தியார், கச்சேரிக் கிளாக்கர் என்றால் மொறிஸ் மைனர் அல்லது ஒஸ்ரின் ஏ40. அலெக் இசிகோனிஸ் வரைந்த கார், 1948இல் வெளிவந்தது. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் இறங்கியபோது, பிரித்தானியாவில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் இதுதான். எங்களுடையது 948 சி.சி. முன் கண்ணாடி நடுவில் பிரியாமல் ஒன்றாக வளைந்தது. டாஷ்போர்ட் என்று பெரிதாக ஒன்றும் இல்லை: நடுவில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரே ஒரு வட்ட ஸ்பீடோமீற்றர், அதற்குள்ளேயே பெற்றோல் முள், ஓரத்தில் சின்னச் சின்ன எச்சரிக்கை லைற். இழுக்கிற குமிழ்கள் சில. ஸ்ரார்ட்டரே கம்பியால் இழுக்கிற குமிழ்தான்.

இவ்வளவு எளிய முகத்துக்குப் பின்னால் 27 வயர் என்ன செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதற்கு விடை சொன்னவர் கொக்குவிலில் இருக்கும் வயரிங் ஐயா. எண்பதைத் தாண்டியவர், கடையை மகனிடம் கொடுத்துவிட்டார், ஆனால் பழைய கார் என்றால் சைக்கிளில் வந்துவிடுவார். வந்து, முழங்கால் நோவோடு கதவோரம் குந்தி, கால்மிதியில் கிடந்த ரேப் துண்டுகளைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, உந்தப் பேர் எழுதிற வேலை உமக்கு என்னத்துக்கு? வெள்ளைக்காரன் வயருக்கு நிறத்தாலை பேர் வச்சிட்டுத்தானே அனுப்பினவன்."

அவர் சொன்னது, இந்தக் கார்களுக்கு மின்சாமான் செய்த லூக்காஸ் கம்பனியின் நிற ஒழுங்கு. அதுவரை எனக்கு அது வெறும் கலர் கலரான வயர். அன்றைக்குப் பிறகு அது ஒரு எழுத்து. மண்ணிறம் என்றால் பற்றரியில் இருந்து நேரே வருவது, சாவி போட்டாலும் போடாவிட்டாலும் உயிர் இருக்கும், பியூஸ் கிடையாது. வெள்ளை, சாவி திருப்பினால் மட்டும் உயிர் வருவது; எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற கொயிலுக்குப் போவது அதுதான். அந்த வெள்ளை பியூஸைத் தாண்டி மற்றப் பக்கம் வந்தால் பச்சை ஆகிவிடும். மண்ணிறம் பியூஸைத் தாண்டினால் ஊதா, ஹோர்ன் அதில்தான். சிவப்பு, பார்க் லைற்றும் பின் லைற்றும். நீலம், ஹெட்லைற். கறுப்பு, ஏர்த், அதாவது காரின் இரும்பு உடம்புக்குப் போவது. ஒரு வயரின் தாய் நிறம் அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லும். அதில் ஓடுகிற மெல்லிய கோடு எங்கே போகிறது என்பதைச் சொல்லும். பச்சையில் கறுப்புக் கோடு என்றால் பெற்றோல் ராங்கி. வெள்ளையில் மண்ணிறக் கோடு என்றால் ஒயில் பிரஷர். எங்கள் ஊரில் ஆளை விசாரிக்கிற மாதிரித்தான்: ஆற்றை மகன், எந்தப் பக்கம் கலியாணம் கட்டினவர்.

இதில் ஒரு விஷயம் எனக்குக் கொஞ்சம் நெஞ்சிடித்தது. இந்தக் காருக்கு மொத்தமே இரண்டு பியூஸ். ஹெட்லைற்றுக்கும் கொயிலுக்கும் பியூஸே இல்லை. டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் மண்ணிற வயர் எங்காவது இரும்பில் உரசினால், அதைத் தடுக்க எதுவும் இல்லை, வயர்தான் எரியும். இங்கிலாந்தில் லூக்காஸை 'இருளின் இளவரசன்' என்று பகிடி பண்ணுவார்களாம். பருத்தி நூல் பின்னிய ரப்பர் வயர் அறுபது வருடம் எங்கள் உப்புக் காற்றில் இருந்துவிட்டு, அதன் பிறகும் லைற் எரிந்தது. பகிடி பண்ணுகிறவர்கள் இப்போதைய கார் ஒன்றை அறுபது வருடம் கழித்து வந்து பார்க்கட்டும்.

ஆனால் அந்த நூல்தான் இப்போது சிக்கல். வெளியில் தெரிகிற பாகமெல்லாம் ஒரே நிறம், தேத்தண்ணி நிறம். பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஐயா ஒரு வழி காட்டினார். வயர்க்கட்டு எஞ்சின் பக்கத்தில் இருந்து உள்ளே வருகிற ஓட்டையில் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினால், அறுபது வருடமாக வெளிச்சமே படாத அரை அங்குல நூல் தெரிகிறது. ரோர்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊதா, ஊதாவாகவே இருந்தது. கத்தரிப்பூ நிறம்.

அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்து, மறுமுனைக்கு வந்து, இந்த முறை பேனாவும் ரேப்பும் இல்லாமல், அலுமினியத் துண்டில் ஆணியால் எண் குத்தி, நூலால் கட்டினேன். 19 வயர் லூக்காஸ் கணக்குக்குள் வந்தது. எட்டு வரவில்லை.

அந்த எட்டும் அப்பா.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. கரண்ட் நின்றது. பெற்றோல் தடை. பற்றரி தடை, ரோர்ச் பற்றரி கூட. இந்தக் கதையை யாழ்ப்பாணத்தில் எவரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. மண்ணெண்ணெய்யில் கார் ஓடியதும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டதும் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது, அந்தக் காலம் எங்கள் காரின் டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் அப்படியே கட்டி வைக்கப்பட்டிருந்தது என்பதுதான்.

எட்டு வயரும் வீட்டு வயரிங்கில் இருந்து கழற்றியவை. கரண்ட் இல்லாத வீட்டில் வயருக்கு வேறு என்ன வேலை. இணைத்த இடங்களில் ஈயம் இல்லை; முறுக்கி, மேலே சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தார். அந்த ரப்பர் இப்போது பனங்கட்டி மாதிரி உருகி ஒட்டியிருந்தது. கத்தியால் வழித்து எடுத்தேன். உள்ளே செம்பு பளிச்சென்று இருந்தது.

ஒரு சோடி, டாஷ்போர்ட்டின் கீழ்த் தட்டுக்கு அடியில் ஆணியால் இறுக்கிய ஒரு சுவருக்கு வைக்கிற சுவிட்சுக்குப் போனது. குமிழ் மாதிரியான பழைய சுவிட்ச், எங்கள் பழைய வீட்டு விறாந்தையில் இருந்தது. அது எதற்கென்று வயரைப் பின்தொடர்ந்துதான் கண்டுபிடித்தேன். மொறிஸ் மைனரின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் வேலை செய்வது. சாவி திருப்பினால் வெள்ளை வயரில் உயிர் வந்து, பம்ப் டக் டக் என்று அடிக்கும். அப்பா அந்த வெள்ளை வயரை வெட்டி, நடுவில் இந்தச் சுவிட்சை வைத்திருந்தார்.

அப்போது ஞாபகம் வந்தது. போனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தல் தொங்கும். அதற்குள் நாலைந்து விரற்கடை பெற்றோல், தங்கத்தை விட விலை. காலையில் சுவிட்சை நிறுத்தி வைத்துவிட்டு, சேலைன் குழாயைத் திறந்து கார்புரேற்றருக்குப் பெற்றோலை விடுவார். நான் பற்றரிக்கு நோகாமல் முன்னால் ஹாண்டில் சுற்றுவேன். எஞ்சின் சூடானதும் குழாயை மூடி, சுவிட்சைப் போடுவார். பம்ப் அடிக்கும், ராங்கியில் இருக்கிற மண்ணெண்ணெய் வரும், பின்னால் வெள்ளைப் புகை எழும்பும். திரும்பி வரும்போது ஒழுங்கை முகப்பிலேயே சுவிட்சை நிறுத்திவிடுவார். கார்புரேற்றரின் கிண்ணத்தில் மிச்சம் இருக்கிற மண்ணெண்ணெய் கராஜ் வாசல் வரைக்கும் போதும். எஞ்சின் தானாக இருமி நிற்கும். மறுநாள் பெற்றோல் வந்து விழக் கிண்ணம் காலியாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. இரண்டு முறை கணக்குப் பிழைத்து, நானும் அம்மாவும் தள்ளினோம்.

இன்னொரு சோடிதான் விளங்கவேயில்லை. மண்ணிறத்தில் ஒன்று கொழுவி, ஏர்த்தில் ஒன்று கொழுவி, இரண்டும் பயணி பக்கத்து அறைக்குள் வந்து சும்மா தொங்கின. ஒன்றின் நுனியில் ஒரு முடிச்சு. வயரில் ஏன் முடிச்சு? இழுபடாமல் இருக்கவா? அப்படியென்றால் மற்றதில் ஏன் இல்லை? ஐயாவிடம் காட்டினேன். அவர் முடிச்சை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"கொப்பர் ரேடியோ கேட்டிருக்கிறார். இருட்டுக்கை நிறம் தெரியாதெல்லே. முடிச்சுப் போட்டது பிளஸ்."

பிறகு, இன்னொரு முறை யோசித்துவிட்டுச் சொன்னார்: "முடிச்சு ஏர்த்திலை இருக்கு, பாரும். அவருக்கு விளங்கியிருக்கு."

இந்தக் காரில் பற்றரியின் பிளஸ்தான் பொடிக்கு, அந்த இரும்பு உடம்புக்கு, கொழுவப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களில் அதுதான் வழக்கம். பல்புக்கு எந்தப் பக்கம் என்றாலும் ஒன்றுதான். ரேடியோவுக்கு அப்படி இல்லை, மாறினால் அவ்வளவுதான். அப்பா வாத்தியார், அதுவும் சரித்திரம் படிப்பித்தவர். யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ. இருட்டில், ஒழுங்கைச் சனம் காரைச் சுற்றி நின்று பிபிசி தமிழோசை கேட்டது எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. காருக்குள் ஏன் ரேடியோ கேட்கிறோம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே பற்றரி காருக்குள் இருந்தது, அவ்வளவுதான். (1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, இதே கார் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். இது வயரிங் பற்றிய கட்டுரை.)

லண்டனில் இருக்கிற மச்சான் புது வயர்க்கட்டு ஒன்றைச் சூட்கேசில் கொண்டுவந்து தந்தான். அங்கே இன்னும் பழைய மாதிரியே நூல் பின்னி, அதே நிறத்தில் செய்து விற்கிறார்கள். முனைகளில் தோட்டா மாதிரிச் சின்னப் பித்தளை. இரண்டு தோட்டாவை ரப்பர் உறைக்குள் எதிரெதிராகத் தள்ளினால் இணைப்பு. கைக்குச் சுகமான வேலை. தள்ளும்போது 'க்ளிக்' என்று ஒரு உணர்வு வரும், அது வராவிட்டால் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

வேலை செய்கிற கோலத்தை மட்டும் கேட்காதீர்கள். முன் சீற்றைக் கழற்றி, கால் இரண்டையும் பின் சீற்றில் போட்டு, தலை கிளச் பெடலுக்குக் கீழே, வாயில் ரோர்ச். அம்மா ஒருநாள் தேத்தண்ணி கொண்டுவந்து, இரண்டு உள்ளங்காலைப் பார்த்து, "உயிரோடை இருக்கிறியோ?" என்று கேட்டுவிட்டுப் போனா.

பற்றரியைக் கொழுவுவதற்கு முதல் ஐயா ஒரு காரியம் செய்யச் சொன்னார். இதைப் பழைய கார் வைத்திருக்கிற எவரும் செய்ய வேண்டும். பற்றரியின் உயிர் முனைக்கும் வயருக்கும் நடுவில் ஒரு பிரேக் லைற் பல்ப், 21 வற். எல்லாச் சுவிட்சும் நிறுத்தி இருக்கும்போது அந்தப் பல்ப் எரியக் கூடாது. எங்கோ உரசினால் பல்ப் பளீரென்று எரியும். பல்ப்பைத் தாண்டி இரண்டு அம்பியருக்கு மேல் போகாது என்பதால் வயர் எரியாது. கொழுவினேன். பளீர். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. நான் மறுபடி கீழே போய், வயரை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே வந்தேன், அம்மா பல்ப்பைப் பார்த்து "எரியுது, எரியுது, எரியுது" என்று சொல்லிக்கொண்டு நின்றா. லைற் சுவிட்சுக்கு வருகிற மண்ணிற வயரைத் தூக்கியதும் "நூந்திட்டுது!" கீழ்த் தட்டின் இரும்பு விளிம்பு நூலை வெட்டி உள்ளே போயிருந்தது. பல்ப் இல்லாமல் கொழுவியிருந்தால் புது வயர்க்கட்டு, புதுப் பெயின்ற் எல்லாம் போயிருக்கும்.

அடுத்தது பெற்றோல் முள். சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று எழும்பி, நிறைவைக் காட்டுகிற F-இல் நின்றது. வேலை முடிந்தது என்று எழுத ஆசை. உண்மையில் ராங்கியில் ஒரு சொட்டு இல்லை. வெறும் ராங்கிக்கு முள் நிறைந்திருக்கிறது என்கிறது. மச்சானை வட்ஸ்அப்பில் பிடித்தேன். அவன் யூரியூப் பார்த்துவிட்டுச் சொன்னான்: ராங்கியில் இருக்கிற வயரைக் கழற்றிப் பொடியில் தொடு, முள் நிறைவுக்குப் போனால் மீற்றர் நல்லது. தொட்டேன். முள் விழுந்து வெறுமையைக் காட்டியது. கழற்றினால் நிறைவு, தொட்டால் வெறுமை. எல்லாம் தலைகீழ். மீற்றர் போய்விட்டது என்று முடிவு கட்டி, மச்சானுக்குப் புது மீற்றர் விலை பார்க்கச் சொல்லிவிட்டேன்.

ஐயா அடுத்த நாள் வந்து தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சோதனை 1960களின் நடுவில் வந்த பிந்திய மீற்றருக்கு. அதில் உள்ளே சூடாகி வளைகிற தகடு, முள் ஆடிப்பாடி மெதுவாக எழும்பும். எங்களுடையது அதற்கு முந்தியது, இரண்டு சுருள், முள் துள்ளும். இதில் ராங்கி வெறுமையாக இருந்தால் தடை இல்லை, நிறைய நிறையத் தடை கூடும். அப்படியென்றால் வயர் கழன்று கிடந்தால் மீற்றர் அதை நிறைந்த ராங்கி என்றுதான் வாசிக்கும். மீற்றர் சரி, வயரும் சரி.

"அப்ப எங்கை கழண்டிருக்கு?"

"ராங்கிக்கு ஆர் பெயின்ற் அடிச்சது?"

நான்தான் அடித்தேன். இரண்டு தரம், உள்ளங்கை வழுக்குகிற மாதிரி. ராங்கியில் இருக்கிற மிதவையின் கருவி, ராங்கியின் இரும்பு வழியாகத்தான் பொடிக்கு ஏர்த் ஆகிறது. நான் ஸ்குறூ இருக்கிற இடம், அது உட்காருகிற இடம் எல்லாவற்றையும் அழகாகக் கறுப்படித்து மூடியிருந்தேன். பெயின்ற் என்றால் காவல். கரண்டையும் உள்ளே விடாத காவல்தான். ஆறு ஸ்குறூவைக் கழற்றி, அடியில் இருந்த பெயின்ற்றை அரத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியப் பண்ணி, மறுபடி பூட்டினேன். முள் விழுந்தது. அதே வருத்தம்தான் பின் லைற் இரண்டுக்கும், ஸ்பீடோமீற்றருக்கும். ஒரு முழு நாள், நானே காசு கொடுத்து அடித்த பெயின்ற்றை நானே சுரண்டினேன். பெயின்ற் கடைக்குப் போவதற்கு முதல் ஏர்த் போகிற இடங்களில் எல்லாம் கிறீஸ் பூசி ரேப் ஒட்டி வைக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன்.

இதற்குள் போன் சார்ஜருக்கு ஒரு துளை வைக்கிற ஆசையில் ஒரு பியூஸைப் புகைத்ததையும் சொல்ல வேண்டும். சிகரற் லைற்றர் மாதிரியான அந்தத் துளையின் வெளிக்கூடு மைனஸ். அதைப் பிளஸ் பொடியில் இறுக்கி, உயிர் வயரையும் கொழுவினால் என்ன ஆகும் என்பதை அப்பா முடிச்சுப் போட்டு எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். பற்றரியைத் திருப்பிப் போட்டு, காரை மைனஸ் ஏர்த்துக்கு மாற்றிவிடு என்று பலர் சொல்கிறார்கள். செய்யலாம், பெரிய வேலையும் இல்லை. எனக்கு மனமில்லை. போனை வீட்டில் சார்ஜ் பண்ணலாம்.

மிஞ்சியது சுவிட்ச். புது வயர்க்கட்டில் பம்புக்குப் போகிற வெள்ளை வயர், சாவியில் இருந்து பம்ப் வரைக்கும் ஒரே ஓட்டம், முறியாமல், புதுத் தும்பைப்பூ மாதிரி. கார் இங்கிலாந்தில் கொவ்லித் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த மாதிரி ஆக்குவதுதான் திருத்துவது என்றால், அப்பாவின் சுவிட்ச் ஒரு பழுது. ஆணித் துளையைக் கூட அடைத்திருக்க வேண்டும். இரண்டு நாள் வெட்டுகிற குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐயாவிடம் கேட்டேன். "வெட்டினால் ஒரு இணைப்புக் கூடும். இணைப்புக் கூடினால் பழுது கூடும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சம் உம்மடை வீட்டு விசயம்" என்றார்.

மூன்றாம் நாள் காலை வெட்டினேன். இந்த முறை முறுக்கிச் சுற்றாமல், ஈயம் வைத்து, தோட்டா முனை போட்டு. ரேடியோச் சோடியை மட்டும் திரும்பப் பூட்டவில்லை. மண்ணிறத்தில், பியூஸ் இல்லாமல், தொங்குகிற உயிர் வயர் ஒன்றைக் காருக்குள் விட எனக்குத் தைரியம் இல்லை. சுருட்டி பிஸ்கற் பேணிக்குள் வைத்திருக்கிறேன், முடிச்சை அவிழ்க்காமல்.

அம்மாவை ஓட்டுநர் பக்கத்தில் இருத்தி, சாவியைத் திருப்பச் சொன்னேன். சிவப்பு லைற் எரிந்தது. வேறு சத்தம் இல்லை. அம்மா கையைக் கீழே விட்டுத் துழாவினா, எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சுவிட்சைப் போட்டா. டக், டக், டக், டக், பிறகு இடைவெளி கூடி, டக்... டக். நின்றது.

"மண்ணெண்ணெய்யோ?" என்றா.

"இல்லை அம்மா, பெற்றோல்."

ஸ்ரார்ட்டரை நான்தான் இழுத்தேன். எஞ்சின் எடுத்ததும் சிவப்பு லைற் மங்கி மங்கி நூர்ந்தது. டைனமோ ஒரு பக்கமும் பற்றரி மற்றப் பக்கமும் இழுக்க, இரண்டும் சமன் ஆனால் லைற்றுக்கு ஓட வழி இல்லை. இந்தக் காரில் எனக்குப் பிடித்த வயரிங் அதுதான். கேற்றடியில் இடது பக்கம் திரும்பச் சிக்னலைப் போட்டேன். கதவுத் தூணுக்குள் இருந்து எழும்ப வேண்டிய சின்னக் கை எழும்பவில்லை. அம்மா கையை மடக்கித் தூணில் இரண்டு தட்டுத் தட்டினா. எழும்பியது. அதை இன்னும் பார்க்க வேண்டும்.